தொட்டில் யார் பக்கத்தில்?

பிறக்கப்போகும் குழந்தைக்குத் தொட்டில் தெரிந்தெடுப்பது பெண்டிர் பேச்சு, கடைத்தெருப் பேச்சு. அதில் ஆராய்வதற்கு என்ன உண்டு என்று நம் வாசகருட் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். மணப்பெண் பார்க்க ஊர் ஊராய் அலைகின்றோம். வீடு வாங்குமுன் நான்கு பேரைக் கலந்துகொள்கின்றோம். ஆனால், நாளொன்றில் 14 முதல் 17 மணி நேரம் வரை ஒரு பச்சிளங் குழந்தை கிடந்து உறங்கப்போகும் இடத்தை மட்டும், ஒரு மாலைப்பொழுதில், விலையையும் வர்ணத்தையும் பார்த்து முடிவுகட்டி வந்துவிடுகின்றோம். நமக்காக நாம் செய்யும் தெரிவு பிழைத்தால் நாமே முணுமுணுத்துக்கொண்டு திருத்திக்கொள்வோம். வாய் திறந்து சொல்லவும் புரண்டு படுக்கவும் இயலாத ஓருயிருக்காகச் செய்யும் தெரிவோ அப்படிப்பட்டதன்று. நம் கையிலுள்ள அதிகாரங்கள் அனைத்திலும் பெரியது இதுவே என்பது நமது துணிபு. அரசருக்குங்கூட எதிர்த்துப் பேசும் குடிகள் இருந்தனர். தொட்டிற் குழந்தைக்கு அழுகையைத் தவிர வேறு வாதம் இல்லை.

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் குழந்தைச் சாமான் விற்கும் கடைகளில் கட்டிலோரத் தொட்டில் என்றொரு வகை இப்பொழுது பெருகியிருக்கின்றது. மூன்று பக்கமும் உயர்ந்து, நாலாம் பக்கம் தாழ்ந்து, பெரியவர் படுக்கும் கட்டிலின் மட்டத்துக்கே உயர்த்தி, வாரினால் கட்டிலோடு இறுகப் பிணைக்கப்படுவது அது. தாய் எழுந்து நடவாமலே கை நீட்டிக் குழந்தையைத் தொடலாம், எடுத்துப் பாலூட்டலாம், மீண்டும் அதன் இடத்திலேயே கிடத்தலாம். குழந்தை தாயின் படுக்கையில் இல்லை. வேறு அறையிலும் இல்லை. இந்த நடுநிலையிலேதான் நாம் ஆராயப் புகுந்த விஷயம் இருக்கின்றது.

நம்மவர் எண்ணப்படி குழந்தை தாயின் மடியிலோ மார்போடு அணைந்தோ உறங்கவேண்டும். தனியே கிடத்துவது கல்நெஞ்சம். மேனாட்டில் வசதியுள்ளார் பலர் எண்ணியபடி குழந்தைக்குத் தனியறை வேண்டும். உடன் கிடத்துவது பழக்கக்கேடு. இவ்விரண்டையும் இக்காலக் குழந்தை வைத்தியர் ஏற்கவில்லை. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2016ஆம் ஆண்டிலும், பின்னர் 2022ஆம் ஆண்டிலும் வெளியிட்ட அறிவுரையில், குறைந்தது முதல் ஆறு மாதங்களேனும் பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனக்கென்று தனியான படுக்கையிலே குழந்தை உறங்குதல் நலம் என்று கூறிற்று. அருகே வேண்டும், ஆயினும் ஒரு முழமேனும் விலகி வேண்டும். இது மருத்துவம் மட்டுமன்று. பெற்ற பிள்ளை நம் உடலின் ஒரு துண்டு என்றும், நம் உடைமை என்றும், நாம் இட்ட வழக்கென்றும் எண்ணிப் பழகிய சமூகம் நமது. பிறந்த நாள் முதற்கொண்டே அது வேறோர் ஆள், அதற்கென ஒரு மூச்சும் அந்த மூச்சுக்கு ஓர் இடமும் வேண்டும் என்று ஒப்புக்கொள்வது நமக்கு எளிதாய் இல்லை. அன்பு என்ற பெயரால் அந்த ஒரு முழ இடைவெளியையும் நாம் மறுக்கும்பொழுது, சில வேளைகளில் மூச்சையே மறுத்தவராகிறோம். களைத்துறங்கும் தாயின் கையோ, கனத்த போர்வையோ, மெத்தையின் குழியோ போதும்.

தொட்டில் வாங்குவது என்றவுடன் நம் வீடுகளில் எழும் முதற் குரல், "பிறக்கும் முன் வாங்கலாகாது" என்பதுதான். வெறுந் தொட்டிலை ஆட்டலாகாது. வெறுந் தொட்டில் வீட்டில் இருந்தால் வெறுந் தொட்டிலாகவே போய்விடும் என்பர். பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ சடங்கு செய்துதான் தொட்டிலில் இடுவர். இதனை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுதல் எளிது. அப்படி ஒதுக்கிவிட்டால் அதனுள் உறைந்திருக்கும் கண்ணீரை நாம் காணாதவராவோம். பிறந்த ஒரு மாதத்துக்குள் மாண்ட மகவுகள் எத்தனையோ! காய்ச்சலும், கழிச்சலும், தாயின் சோகையும் சேர்ந்து கொண்டுபோன பிள்ளைகளுக்குத் தோட்டத்தின் மூலையில் கல்லும் இல்லாத குழிகளே மிஞ்சின. பிள்ளை போனபின் தொட்டில் மட்டும் வீட்டில் நிற்பதைப் பார்க்கமாட்டாத தாய்மார் கண்டுபிடித்த தற்காப்பு அது. அவர்கள் அஞ்சியதில் தவறில்லை.

ஆனால், அஞ்சவேண்டிய காரணம் பெரும்பாலும் நீங்கியபின்னும் அச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டிருப்பதால் நேர்வது என்ன? குழந்தை பிறந்த மூன்றாம் நாள் கணவன் கடைக்கு ஓடுகின்றான். இருப்பதில் ஒன்றை வாங்குகின்றான். நள்ளிரவில், ஒரு திருகாணி குறைய, அதைப் பூட்டி முடிக்கின்றான். அதுவரை குழந்தை இரண்டு பெரியவர்களின் நடுவே மெத்தையில் கிடக்கின்றது. அபசகுனத்துக்கு அஞ்சி அபாயத்தை வரவழைத்துக்கொள்வது என்ன விவேகம்? பின்லாந்து தேசத்தில் 1938ஆம் ஆண்டு தொடங்கி ஏழைத் தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும், பிள்ளை பிறக்குமுன்னரே அரசாங்கம் ஓர் அட்டைப்பெட்டியை அனுப்புகின்றது. துணிமணிகளோடு சிறு மெத்தையும் அதில் இருக்கும். பெட்டியையே தொட்டிலாக வைத்து வளர்த்தவர் அங்கே பலர். பெட்டி பெறுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கருவுற்ற நான்காம் மாதம் முடியுமுன் தாய் வைத்தியரையோ மருத்துவச்சியையோ கண்டிருத்தல் வேண்டும். தாயை வைத்தியரிடம் அழைத்து வருவதற்குத் தொட்டிலையே தூண்டிலாக்கினார்கள் அந்நாட்டார். எந்தக் குலதெய்வமும் அவர்கள்மேற் சினங்கொண்டதாகத் தெரியவில்லை.

அடுத்து எழும் குரல், "தூளி இருக்கத் தொட்டில் எதற்கு?" என்பது. தூளியைப் பழிப்பதற்கு நமக்கு வாய் எழாது. இந்நாட்டுத் தமிழருள் பெரும்பாலோர் அதில் கிடந்தவரின் பிள்ளைகள், அல்லது பேரர். இரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில் தரை ஈரம். எறும்பும் பூரானும் பாம்பும் உண்டு. அடுப்புப் புகை வேறு. கட்டிலோரம் தொட்டில் வைப்பதற்கு முதலில் கட்டில் இருந்ததா? குடும்பமே பாயில் படுத்தது. அந்நிலையில் தாயின் பழஞ்சேலையை விட்டத்தில் கட்டிக் குழந்தையைத் தரைக்கு மேலே தூக்கிக் கிடத்தியது அறிவுள்ளார் செய்த செயலே. அச்சேலையில் தாயின் வாடை இருந்தது. ஒரு கையால் அரிசி களைந்துகொண்டே மறு கையால் ஆட்டலாம்.

ஆயினும் முழு உண்மையையும் சொல்லவேண்டும். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றாக வேண்டிய தாய், பால்குடி மாறாத குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப்போனாள். வரிசையாகத் தொங்கிய தூளிகளை ஒரு கிழவி ஆட்டிக்கொண்டிருந்தாள். தாயின் மார்பில் பால் கட்டி வலித்த வேளையில் அவள் மரத்தில் பால் இறக்கிக்கொண்டிருந்தாள். எத்தனை இராத்தல் பால் வந்தது என்பதற்குக் கணக்கு இருந்தது. தூளியிற் கிடந்தது எத்தனை நாழிகை அழுதது என்பதற்கு எந்தக் கணக்குப்பிள்ளையும் பேரேடு வைக்கவில்லை. ஆகவே, "தூளிதான் நமது தொன்றுதொட்ட முறை" என்று இன்று பெருமை பேசுவோர், அம்முறையில் எவ்வளவு நம் விருப்பம், எவ்வளவு நம் இல்லாமை, எவ்வளவு பிறர் நம் நேரத்தைத் தமதாக்கிக்கொண்டது என்று பிரித்துப் பார்ப்பார்களாக.

இன்று தூளிக்கு விற்சுருள் வந்துவிட்டது. மின்சாரத்தால் தானே ஆடும் பொறியும் வந்துவிட்டது. சேலையின் குழிவில் முதுகு வளைந்து, தாடை மார்பிற் படிந்துவிட்டால், கழுத்து நிலைக்காத சிசுவின் மூச்சுக்குழல் மடங்கி அடைபடக்கூடும். அதற்குத் தலையை நிமிர்த்திக்கொள்ளும் வலு இராது. விழித்திருப்பவர் கண்ணெதிரே சிறிது நேரம் ஆடுவது வேறு. எல்லோரும் உறங்கும் இரவு முழுவதும் ஒரு பொறியை நம்பி விட்டுவிடுவது வேறு. அன்றைய கிழவியாவது அவ்வப்போது குனிந்து பார்த்தாள். பொறி பார்ப்பதில்லை.

"நாங்கள் பத்துப் பிள்ளை இப்படித்தானே வளர்த்தோம்? ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லையே!" இவ்வாதத்தைக் கேளாத வீடு இராது. சொல்பவர் பாட்டி, பிள்ளைகளைத் தம் உயிராய் நேசிப்பவர், அவரை எதிர்த்துப் பேச மருமகளுக்கு நா எழாது. வாதத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்போம். பிழைத்தவர் வந்து சாட்சி சொல்கின்றார், பிழையாதவர் வருவதில்லை. பத்துப் பிள்ளை வளர்த்தோம் என்னும் பல மூதாட்டியரை, பெற்றது எத்தனை என்று மெல்லக் கேட்டால், சிறிது நேரம் மௌனமாக இருந்து, பன்னிரண்டு என்றோ பதின்மூன்று என்றோ சொல்வர். அந்த மௌனத்துக்கு உள்ளே இருக்கின்றது நம் கேள்விக்குரிய விடை.

இதனாற் பெரியோர் சொல்வன யாவும் பிழை, புத்தகத்தில் இருப்பன யாவும் மெய் என்று கொள்வாருக்கும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்க டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல் 1946ஆம் ஆண்டில் வெளிவந்து கோடிக்கணக்கில் விற்றது. குழந்தையை மல்லாக்கக் கிடத்தினால் கக்கியது தொண்டையில் அடைத்துவிடும் என்று கருதி, 1950களில் திருத்தி வெளியிட்ட பதிப்பில் அவர் குப்புறக் கிடத்தச் சொன்னார். படித்த தாய்மார் அதையே வேதமாகக் கொண்டனர். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட அறிவுரை. ஆராயாமற் சொல்லப்பட்ட அறிவுரை. தொட்டிலிற் காரணந் தெரியாமல் மாண்ட குழந்தைகளைப் பற்றிப் பின்னர் ஆராய்ந்தவர், குப்புறக் கிடத்துவதே பேரபாயம் என்று கண்டனர். 1991இல் பிரிட்டனிலும், 1994இல் அமெரிக்காவிலும், மல்லாக்கக் கிடத்துங்கள் என்று நாடெங்கும் பிரசாரம் செய்தனர். சில ஆண்டுகளுக்குள் அத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. மருந்து இல்லை, ஊசி இல்லை, காசு செலவில்லை. கிடத்தும் முறையை மாற்றினார்கள், அவ்வளவே. வழிவழியாக மல்லாக்கவே கிடத்தி வந்த ஹாங்காங் சீனரிடையே இம்மரணம் அரிதாய் இருப்பதை ஒரு வைத்தியர் 1985ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அங்கே பாட்டிமார் வென்றனர், பண்டிதர் தோற்றனர். சொன்னவர் யார் என்று பாராமல், எதனாற் சொன்னார் என்று கேட்கவேண்டியவராயிருக்கின்றோம்.

இனிக் கடைக்குள் நுழைவோம். அங்கே நம் கண்ணைப் பறிப்பவை எவை? பஞ்சுத் தலையணை, பக்கத்துக்கு ஒன்றாக அணைத்தலையணை, பின்னல் விளிம்புப் போர்வை, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் மெத்தென்ற திரை, கரடிப் பொம்மை. இவை யாவும் அன்பின் வடிவங்களாகத் தோன்றுகின்றன. வைத்தியர் சொல்லும் தொட்டிலோ கண்ணுக்குச் சிறைக்கூடம் போல இருக்கின்றது. கெட்டியான, சமமான ஒரு மெத்தை; அதன்மேல் இறுகப் பொருந்திய ஒரு விரிப்பு. வேறொன்றும் இல்லை. பாட்டி பார்த்துப் பதறுகின்றார்: "ஐயோ, பிள்ளையை அநாதை போல் வெறும் பலகையிற் போட்டிருக்கிறார்களே!" என்கின்றார். மெத்தென்பன யாவும் சிசுவின் மூக்கை மூட வல்லவை. மூடினால் விலக்கிக்கொள்ள அதற்கு வகை தெரியாது. திடுக்கிட்டு விழியாதிருக்க மார்பின்மேல் பச்சைப்பயற்றுத் தோல் அடைத்த சிறு தலையணையை வைக்கும் வழக்கம் இந்நாட்டில் எல்லா இனத்தவரிடமும் உண்டு, அதுவும் ஆகாது. கண்ணேறு படாதிருக்கக் கழுத்திற் கட்டும் கறுப்புக் கயிறும் தாயத்தும் ஆகவே ஆகா. அவை எந்தத் தீய கண்ணையும் தடுத்ததாகச் சான்றில்லை. தொட்டிற் கம்பியில் மாட்டிக் கழுத்தை இறுக்கும் என்பதற்குச் சான்று வேண்டியதே இல்லை.

இங்கேதான் நாம் உண்மையாகவே தடுமாறுகின்றோம். அன்பு போலத் தோன்றுவது ஒன்று, அன்பாய் இருப்பது மற்றொன்று என்றால், எதைத் தெரிந்தெடுப்பது? பார்ப்பவர் கண்ணுக்காக அலங்கரித்த தொட்டிலின் எசமானர் யார்? குழந்தையா, வந்து பார்த்துப் போகும் உற்றார் உறவினரா? கல்யாணப் பந்தலையும் கருமாதிச் சோற்றையும் ஊர் மெச்சுவதற்காகவே நடத்திப் பழகிய நாம், தொட்டிலையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டோம். வெறுந் தொட்டிலைக் காட்டி, "இதுதான் பிள்ளைக்கு நல்லது" என்று உறவினர் முன் சொல்வதற்கு ஒரு தாய்க்கு வேண்டிய துணிவு சிறிதன்று.

விலையுயர்ந்தது நல்லது என்பாருக்கும் ஒரு சொல். தலைப்பக்கம் உயர்த்திச் சாய்வாகச் செய்த உறக்கத் தொட்டில் ஒன்றை அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்று பல்லாண்டு விற்றது. முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் மாண்டபின், 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 47 இலட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 10 பாகைக்கு மேற்பட்ட சாய்வுத் தொட்டில்களையும், கம்பிகளைச் சுற்றிக் கட்டும் மெத்தைகளையும் விற்கலாகாதென்று அந்நாட்டில் 2022ஆம் ஆண்டு சட்டம் பிறந்தது. பேர்பெற்ற நிறுவனம், அழகிய விளம்பரம், உயர்ந்த விலை எல்லாம் இருந்தன. ஆகவே நாம் பார்க்கவேண்டியவை வேறு. கம்பிகளின் இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாகாது. கட்டிலோரத் தொட்டிலாயின், அதற்கும் கட்டிலுக்கும் நடுவே சந்து சிறிதும் இருக்கலாகாது. 2019இல் ஐரோப்பாவில் திருத்திய தரவிதி, திறந்த பக்கத்திலும் 12 சென்டிமீட்டர் உயரத் தடுப்பு வேண்டும் என்கின்றது. தாழ்ந்த கூலி வாங்கும் வீட்டார் இத்தொட்டிலை வாங்க இயலாதென்று வருந்த வேண்டியதில்லை. தாயின் பாய் அருகே, தரையில், கெட்டியான சிறு மெத்தை ஒன்றைச் சந்தில்லாத வெற்றிடத்தில் விரித்து, மேலே கொசுவலையை இறுக்கமாகக் கட்டினால், பகட்டுத் தொட்டில்கள் பலவற்றினும் அது மேலானது.

இத்தனையும் பேசியபின் நம் தலைப்புக்கு வருகின்றோம். கட்டிலுக்கு இரண்டு பக்கம் உண்டு. தொட்டில் எந்தப் பக்கம்? கேட்பதற்கே வேடிக்கையாக இருக்கும். தாயின் பக்கந்தான் என்று எவரும் சொல்வர். பாலூட்டுபவள் அவளாகையால் அது நியாயமே என்றும் தோன்றும். ஆனால், இரவில் குழந்தை விழிப்பது பாலுக்கு மட்டுமா? துணி நனைந்ததற்கு, ஏப்பம் வராததற்கு, காரணமே இல்லாததற்கு எத்தனை முறை விழிக்கின்றது! ஒவ்வொரு முறையும் கண் விழிப்பவள் பெற்ற வலி ஆறாதவள். அவளுக்கு அப்பால் சுவர்ப்பக்கம் புரண்டு படுப்பவன், காலையில் எழுந்து, "இரவெல்லாம் பிள்ளை அழுததோ?" என்று விசாரிக்கின்றான். பகலெல்லாம் உழைத்தவன் உறங்கவேண்டாமா என்பர். அவள் பகலெல்லாம் செய்தது உழைப்பல்லவா? உறக்கமற்ற தாய் இருந்த இருப்பிலேயே குழந்தையோடு சாய்மெத்தையிற் கண்ணயர்ந்துவிடுவதும் அபாயங்களில் ஒன்று. ஆதலால் அவளை உறங்கவிடுவதும் குழந்தையைக் காப்பதேயாகும்.

மலேசியாவில் 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கும் 7 நாள் சட்டப்படி கிடைத்தது. சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் முதல் தந்தைக்கு 4 வாரம். பெரட்டுக்கு ஓடிய தாய்மாரின் பேரப்பிள்ளைகளுக்கு இது கிடைத்தது மகிழத்தக்கது. அந்நாட்களைத் தந்தையர் எவ்விதம் செலவிடுகின்றனர் என்பதைச் சட்டம் பார்க்காது; தொட்டில் பார்க்கும். முறைவைத்துக்கொண்டு, ஓரிரவு தாயின் பக்கம், மறு இரவு தந்தையின் பக்கம் என்று மாற்றிக் கட்டினால் என்ன குடி முழுகிவிடும்? பாலுக்கு அழுதால் எடுத்துத் தாயின் கையிற் கொடுத்து, குடித்தபின் வாங்கித் தோளிற் சாய்த்து, ஏப்பம் விடுவித்துக் கிடத்துவதற்கு மீசை தடையாக இராது.

அவ்வாறு செய்வதற்கு ஒரு தகுதி வேண்டும். குடித்துவிட்டு வருபவன் பக்கத்தில் தொட்டிலைக் கட்ட இயலாது. அவன் படுக்கும் கட்டிலில் குழந்தையைக் கிடத்தவே இயலாது. மதுவருந்தியவரோடு ஒரே படுக்கையில் உறங்கும் சிசுவுக்கு அபாயம் பன்மடங்கு என்பது ஆராய்ந்தவர் முடிவு. புகைப்பவர் வீட்டிலும் அப்படியே. கள்ளும் சம்சுவும் இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்களிற் செய்த அழிவைப் பற்றி எவ்வளவோ பேசியாயிற்று. கூலி போயிற்று, மானம் போயிற்று என்று கணக்குச் சொல்லியாயிற்று. இந்தக் கணக்கை எவரும் சொன்னாரில்லை. நூறு வெள்ளிக்கோ ஆயிரம் வெள்ளிக்கோ தொட்டில் வாங்கித் தந்துவிட்டு, சிகரெட்டோடு அதன்மேற் குனிந்து முத்தமிடும் தந்தைமாரை நாம் கண்டிருக்கின்றோம். குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகையிற் காட்டும் பாட்டிமாரிடம் மட்டும் புகை ஆகாதென்று வாதிக்க இவர்களுக்கு முகமேது?

இறுதியாக ஒரு நடைமுறை விஷயம். கட்டிலோரத் தொட்டிலுக்கு ஆயுள் மிகக் குறைவு. ஏறக்குறைய ஐந்தாம் ஆறாம் மாதத்தில் குழந்தை கையூன்றி எழும்பத் தொடங்கும். அன்றே அதனை நிறுத்திவிடவேண்டும். நாலு புறமும் உயர்ந்த தொட்டிலோ தரைப்படுக்கையோ அதன்பின் வேண்டும். ஆசையோடு வாங்கியது என்று இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என இழுத்து வைப்பது கூடாது. புத்தம் புதிதாய் நிற்கும் அதனை என்ன செய்வதென்று கேட்பர். அண்டை வீட்டிலோ தோட்டத்திலோ கருவுற்றிருக்கும் பெண்ணுக்குக் கொடுத்துவிடலாம். சாதி பார்த்தும் ராசி பார்த்தும் கொடுக்கவேண்டாம். கொடுக்கும்பொழுது வாரும், திருகாணி ஒவ்வொன்றும், அதனோடு வந்த மெத்தையும், பூட்டும் முறை அச்சிட்ட தாளும் சேர இருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுக்கவேண்டும். அவள் கணவனையும் கூட வரச் சொல்லி, பூட்டுவது எப்படியென்று அவனுக்கே காட்டிக் கொடுப்பது நலம்.